கண்ணாடிக் கூட்டில் எட்டு மாத்திரை

இனிமேல் என் மூக்குக்கு நானே எஜமான். மூன்றாவது நாளாகத் தும்மிக்கொண்டே பள்ளி வேனை ஓட்டி முடித்த சாயங்காலம் இப்படி ஒரு சபதம் எடுத்தேன்.

காரணம் என் மனைவி. மாத்திரை கேட்டால் தரமாட்டாள் என்றில்லை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை விரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசிப்பாள். அதற்குள் பாதி வியாதி தானே போய்விடும். மீதி பயத்தில் போய்விடும்.

அதனால் நேராக மருந்துக் கடைக்கு விட்டேன் வண்டியை.

"ஒரு சளி மாத்திரை அட்டை குடுங்க."

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நானா? சேச்சே!" காலையில் விழுங்கிய பிரஷர் மாத்திரை வயிற்றுக்குள் புரண்டு படுத்தது.

வெளியே வந்து தாளை ஒரு தடவை மேய்ந்தேன். தூக்கம் வரலாம், நாக்கு வறளலாம், நெஞ்சு படபடக்கலாம். வந்தால் பார்த்துக்கொள்வோம்! எட்டு மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கிப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டேன். அட்டை, டப்பா, தாள் மூன்றும் தெருக் குப்பைத்தொட்டிக்குப் போயின. தடயமே இல்லை.

மறுநாள் காலை ஒன்றை விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் மூக்கு திறந்துகொண்டது. வெற்றி! வேன் சாவியை எடுத்தேன். அப்போது இமை கனத்தது. நாக்கு காய்ந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. தாளில் இருந்த அதே வரிசை.

என் வேனில் பதினேழு பிள்ளைகள். மானம் போனால் போகிறது என்று சாவியை அவள் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் பதறவே இல்லை. "தண்ணி குடிங்க. நீங்க முழுங்குனது புதினா மிட்டாய்."

"என்னது!"

"நேத்தே மாத்தி வச்சுட்டேன். மூக்கடைச்சவருக்கு ருசி எங்க தெரியப்போகுது?"

"அப்போ நெஞ்சு ஏன் அடிச்சுது?"

"கட்டுன பொண்டாட்டிகிட்ட மறைச்சா அடிக்காம என்ன செய்யும்?"

"உனக்கு யார் சொன்னது?"

"உங்க பிரஷர் மாத்திரைய மாசா மாசம் அதே கடையிலதானே வாங்குறேன்? நேத்தும் போனேன். அவ்வளவு பெரிய வேனைக் கடை வாசல்ல நிறுத்திட்டு ரகசியமா மருந்து வாங்குறீங்க! இந்த மாத்திரை அந்த வேன்காரருக்குத்தான்னு சொன்னதும் கடைக்காரர் பதறிட்டார். பிரஷர்காரங்க அதைச் சாப்பிட்டா பிரஷர் இன்னும் ஏறுமாம், தூக்கமும் வருமாம், வண்டியே ஓட்டக் கூடாதாம். வீட்டுக்கு வந்தா சட்டைப் பையில கண்ணாடிக் கூடு கிலுகிலுங்குது. பேரும் இல்ல, தேதியும் இல்ல. இன்னும் ரெண்டு நாள் போனா எது எந்த மாத்திரைன்னு உங்களுக்கே தெரியுமா?"

கேட்டுக்கொண்டே சாவியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அன்றைக்குப் பதினேழு பிள்ளைகளும் நானும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அவளால்தான். அந்த நன்றி எனக்கு ஆயுசுக்கும் உண்டு.

அதற்காக, இப்போதெல்லாம் ஒரு புதினா மிட்டாய் கேட்டால்கூட, பொட்டலத்தில் இருக்கும் பொடி எழுத்து முழுவதையும் நான் நின்றபடியே சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.