பெட்டிக்குள் விழுந்த கண்ணாடி

"உங்கள் பழைய கண்ணாடி, இன்னொருவருக்குப் பார்வை" என்று எழுதியிருந்த பெட்டிக்குள் பஸ் டிரைவரின் வலது கை மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டிருந்தது.

"சார், கண்ணாடியைத்தானே போடச் சொன்னோம்? கையைப் போடச் சொல்லலையே?" என்றாள் கண்ணாடிக் கடைப் பெண்.

"நக்கல் பண்ணாதம்மா. என் கண்ணாடி உள்ளே விழுந்துடுச்சு."

மூன்று மாதம் முன்பு இதே கடையில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றதும், அவரும் மனைவியும் ஒரே மாதிரிப் பழுப்பு ஃப்ரேமில், அவரவர் பவருக்கு ஆளுக்கொரு கண்ணாடி வாங்கினார்கள். மனைவிக்குப் போட்ட அன்றே தலைவலி. "எனக்கு ஒத்துக்கலை. சும்மா கிடக்கிறதுக்கு யாருக்காவது உதவட்டும்" என்று இன்று காலையில் அதை அதன் டப்பாவோடு கொடுத்தனுப்பினாள். அவரும் திறந்து பார்க்காமலே போட்டார். சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். மூக்கில் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்த அவருடைய கண்ணாடியும் அதற்குத் துணையாகப் போய்விட்டது.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் போன மாதக் கண் சோதனையில், இந்தப் புதுக் கண்ணாடியைப் போட்டும் அவர் தேறவில்லை. நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸில் இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதர், இப்போது டிப்போவில் மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறார். இன்று நாலு மணிக்கு மறுசோதனை. இதிலும் கோட்டை விட்டால் ரிட்டயர் ஆகும்வரை சாவிதான்.

"பெட்டியைத் திறந்து விடேன்மா!"

"சாவி இலவசக் கண் முகாம்காரங்ககிட்ட இருக்கு சார்."

இங்கேயும் சாவி!

அவள் சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பின்பக்கம் போய்க் கழுவிவிட்டுத் திரும்பினால், பெட்டியைக் காணோம்.

"முகாம் வண்டி வந்துச்சு. எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே சார்! உள்ளே சோப்புத் தண்ணி இருக்கு, பாத்துத் தூக்குங்கன்னு."

முகாம் நாலு தெரு தள்ளி, ஒரு பள்ளிக்கூடத்தில். வழியில் தெரிந்தவர் என்று நினைத்து ஒரு தபால் பெட்டிக்கு வணக்கம் வைத்து, தப்பான தெருவில் நுழைந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு.

"நான் வாங்க வரலைங்க. குடுத்தவன்" என்றார் வாசலில்.

"ஐயா, அது தூணு. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்றார் தொண்டர். "கூச்சப்படாம வரிசையில உக்காருங்க."

அவர் மறுக்க மறுக்கத் தொண்டருக்கு இரக்கம் கூடியது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்.

அப்போது முன்வரிசையில் கண்ணாடி வாங்கிய ஒரு பெண் ஜன்னலுக்கு ஓடினாள்.

"நாப்பத்தேழு! அதோ போற பஸ்ஸுல நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு!" என்று கத்தினாள். "நான் வீட்டு வேலைக்குப் போறவ. நம்பர் தெரியாம வர்ற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவேன். நாப்பத்தேழுல ஒரு சிடுமூஞ்சி டிரைவரு, 'உனக்கு வேற வேலை இல்லையா'ன்னு போன மாசம் வரைக்கும் தினமும் திட்டினான். இனிமே திட்டட்டும், பாக்கலாம்!"

சிடுமூஞ்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கழுவிக்கூடக் குடுத்திருக்காங்க, சோப்பு வாசம் வருது" என்றபடி அவள் பக்கத்தில் வந்தாள். கழன்று போன திருகாணிக்குப் பதிலாக அவரே டிப்போவில் முறுக்கிய செம்புக் கம்பி, அவள் காதோரம் மின்னியது. அவருடைய கண்ணாடியேதான்.

திருப்பிக் கேட்க வாயைத் திறந்தார். "நல்லாத் தெரியுதாம்மா?" என்றுதான் வந்தது.

"குடுத்த மகராசன் நல்லா இருக்கணும்!"

மகராசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனால் போகட்டும், நமக்குச் சாவிதான் விதித்திருக்கிறது என்று வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் முறை வந்தது. கண் பரிசோதகர் அளவு பார்த்து, தட்டைத் துழாவி, ஒரு பழுப்பு ஃப்ரேமை எடுத்து மாட்டினார். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டிரைவர் நிமிர்ந்தார். எதிரே இருந்த எழுத்து அட்டையின் கடைசி வரி பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே சுவரில் இருந்த பல்லியின் வால்கூடத் தெரிந்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே ஐயா!" என்று பரிசோதகரே ஆச்சரியப்பட்டார்.

நாலு மணிக்கு டிப்போவில், எழுத்துகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துக் காட்டினார். "போதும்யா, நாளைக்கே நாப்பத்தேழை எடு" என்றார் மேலாளர்.

வீட்டு வாசலிலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"யாரோ ஒரு புண்ணியவதி குடுத்த கண்ணாடி, என் பவருக்கு அப்படியே பொருந்துது! காதுல மாட்டுற இடத்துல பச்சை நூல்கூடச் சுத்தி வச்சிருக்கா பாரு. எவ்வளவு பொறுப்பான பொம்பளை!"

மனைவி அதைக் கழற்றி, நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, கடையிலேருந்து வாங்கிட்டு வந்த அன்னிக்கே, ரெண்டும் மாறிடக் கூடாதுன்னு என் கண்ணாடியில நான் சுத்தி வச்ச நூலுங்க இது!"