நாற்பத்தேழாம் உறுப்பினர்

"கண் டாக்டர் ஆட்டம் முடியிற வரைக்கும் வாயே திறக்க மாட்டாருங்க. அப்படி ஒரு பார்ட்னர்."

"பேசாம எப்படி ஆட முடியும்?"

"ஷட்டிலை பேட்டாலதான் ஆடுவாங்க. வாயால ஆடறது நீங்க மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள். கணவனின் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு ஏதோ ஒரு பாட்டின் முனகலும் வந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவள் குளிக்கும்போது பாடி அவன் கேட்டதில்லை.

அவள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவளிடம் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் அவள் டீச்சர்தான். அவன் வீட்டிலிருந்தபடியே லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுபவன். ஆறு மாதத்துக்கு முன்பு, முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதால், இரண்டு தெரு தள்ளியிருந்த ஷட்டில் கிளப்பில் அவள் சேர்ந்தாள். முதுகுவலி போய்விட்டது. வேறொரு வலி வந்தது. அது அவனுக்கு வந்தது.

தினமும் விடிந்தும் விடியாமலும் ஐந்து நாற்பதுக்கு அவள் போனில் ஒரு செய்தி விழும்: 'கிளம்பிவிட்டேன்.' கண் டாக்டர். அவள் போய் இறங்கியதும் பையை வாங்கிக்கொள்வாராம். தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறந்து நீட்டுவாராம். ஒருநாள் அவள் துண்டை மறந்துவிட்டுப் போக, மறுநாளிலிருந்து டாக்டர் இரண்டு துண்டு கொண்டுவருகிறாராம். இதையெல்லாம் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொல்வாள். கேட்கிறவன் கண்தான் கலங்கும்.

கிளப் சுவரில் மாட்டிய ஒரு படம் அவன் போனுக்கும் வந்திருந்தது. அதில் அவள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பார்வையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். டாக்டரின் கண்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. அப்போதும் அவளை விட்டு நகரவில்லை.

இதில் அவனால் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. அவர்களை ஜோடி சேர்த்ததே அவன்தான்.

முன்பெல்லாம் யாருக்கு யார் பார்ட்னர் என்று கிளப்பில் தினமும் சண்டை. செயலாளர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். அவர் ஒருநாள் டீச்சர் வீட்டுக்கு வந்து, நியாயமாக ஜோடி சேர்க்க ஒரு புரோகிராம் எழுதித் தரக் கேட்டுக்கொண்டார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் இவன் உற்சாகமாக ஒப்புக்கொண்டான். வெற்றிகளை வைத்து வாராவாரம் புரோகிராம் ஜோடி சேர்க்கும். ஜெயிக்கிற ஜோடியைப் பிரிக்காது. வாசலில் உள்ள பெரிய திரையில் பெயர்கள் ஓடும். அதைக் கிளப்பில் பலகை என்பார்கள். செயலாளர் அதற்கொரு சட்டமும் போட்டார். "சிக்னல் விழலேன்னா வண்டி நகராது. பலகையில பேர் இல்லேன்னா கோர்ட்ல கால் வைக்கக் கூடாது." டீச்சரும் கண் டாக்டரும் தொடர்ந்து பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள்.

இத்தனைக்கும் அவன் பெரிய டேட்டாபேஸ் எதையும் வைக்கவில்லை. தனியாக சர்வர் கேட்காமல், புரோகிராமுக்குள்ளேயே மடங்கி உட்கார்ந்துகொள்ளும் சின்ன டேட்டாபேஸ். கிளப் மொத்தமும் ஒரே ஃபைல். அதில் ஒரு அட்டவணையில் உறுப்பினர்கள், ஆளுக்கொரு எண். இன்னொரு அட்டவணையில் ஜோடிகள். அதில் பெயர் இருக்காது, எண்கள் மட்டும்தான். டீச்சர் பதினெட்டு. கடைசியாகச் சேர்ந்த கண் டாக்டர் நாற்பத்தேழு.

பதினெட்டும் நாற்பத்தேழும். லிஃப்ட் புரோகிராம் எழுதும்போதுகூட, பதினெட்டாம் மாடியில் ஏறிய யாரோ நாற்பத்தேழாம் மாடிக்குப் போய்க்கொண்டே இருப்பதுபோல அவனுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை, அவள் பள்ளிக்குப் போனதும், அவன் வீட்டிலிருந்தே கிளப் ஃபைலைத் திறந்தான். உறுப்பினர் அட்டவணையில் நாற்பத்தேழாம் எண்ணை அழிக்கச் சொல்லி ஒரே ஒரு வரி அடித்தான். உறுப்பினர்கள் நாற்பத்தாறு என்றது திரை. அறைக்குள் காற்று வந்த மாதிரி இருந்தது.

இரண்டு விஷயங்களை அவன் மறந்துவிட்டான். அந்தச் சின்ன டேட்டாபேஸ் ஒருவரை அழித்தால், தனியாகச் சொல்லிவைத்தாலொழிய, அவரைச் சுட்டும் மற்ற வரிகளைக் கண்டுகொள்ளாது. ஜோடி அட்டவணையில் நாற்பத்தேழு அப்படியே இருந்தது, காலி செய்த வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி. அதோடு, கடைசி எண்ணை அழித்துவிட்டால், அடுத்து வருகிறவருக்கு அதே எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த இரண்டையும் பற்றி அவன் ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்திருக்கிறான். பொறாமையில் சொந்த வகுப்பே மறந்துபோயிற்று.

அன்று மாலை கிளப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்தார்.

வியாழக்கிழமை காலை அவள் திரும்பி வந்தபோது பாட்டு இல்லை. ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

"இன்னைக்கு யாரு என் பார்ட்னர்னு கேளுங்க."

அவன் பால்வடியும் முகத்தோடு கேட்டான்.

"எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர். நேத்து சாயங்காலம்தான் சேர்ந்தாராம்."

பலகையில் ஹெட்மாஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வெற்றிகள் இருந்தனவாம். முதல் தரம் என்று போட்டிருந்ததாம். டாக்டரின் லாக்கரும் அவருக்கே. ஹெட்மாஸ்டர் வெகுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, கல்லூரியில் ஒரு வருடம் ஆடியிருக்கிறேன், அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது போல என்றாராம். பிறகு கோர்ட்டின் நடுவில், பரீட்சை ஹாலில் நிற்பது போல, பேட்டோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். ஷட்டில் இரண்டு முறை அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டது. அப்போதும் அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்ல முடியுமா அந்த மனுஷரை? இருபத்தோரு தடவை 'பரவாயில்ல சார்' சொன்னேன். பிறந்ததுலேருந்து நான் அத்தனை பரவாயில்ல சொன்னதில்லை."

கோர்ட்டில் சொல்ல முடியாமல் தொண்டையில் நின்றதையெல்லாம் அவள் வீட்டில் இறக்கி வைத்தாள். ஈரத் துண்டு, சொட்டும் குழாய், மூடாத பற்பசை, அவன் நிற்கிற விதம். இவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். கடைசியில் அவள், டாக்டருக்குப் போன் செய்து பார்த்ததாகவும், பலகையில் பெயர் இல்லாமல் வருவது விதிக்குப் புறம்பு என்று அவர் மறுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

"எவ்வளவு நேர்மை பாருங்க அந்த மனுஷருக்கு."

அழித்த பிறகும் அந்த ஆள் ஒரு படி உயர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புகளுக்கிடையே இறுதி ஆட்டம். அந்தக் கோப்பைக்காக அவள் அலமாரியில் ஒரு தட்டையே காலி செய்து துடைத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமையும் ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆடினார் என்று கேட்டதும், இவன் மத்தியானம் ஃபைலைத் திறந்து அவரையும் அழித்தான்.

அழித்த கையோடு ஒரு யோசனை பிறந்தது. அடுத்து யார் வந்தாலும் நாற்பத்தேழு. அப்படியென்றால் அந்த யாரோ ஒருவன் ஏன் நானாக இருக்கக் கூடாது? தன் பெயரை அடித்தான். பலகையில் அவன் முதல் தர ஆட்டக்காரன், பன்னிரண்டு வெற்றிகள், பதினெட்டின் ஜோடி. திரையில் அந்த இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை, கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் போய் ஷூ வாங்கினான்.

அதே சாயங்காலம் ஹெட்மாஸ்டர் பலகையில் தன் பெயரைக் காணாமல், டீச்சர்தான் புகார் கொடுத்து நீக்கிவிட்டாள் என்று முடிவு கட்டினார். திங்கட்கிழமை முதல் பள்ளி முடிந்ததும் ஆய்வகத்திலுள்ள சோதனைக் குழாய்களை எண்ணச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்தது.

சனிக்கிழமை காலை பலகையைப் படித்துவிட்டு, புது ஷூவோடு பக்கத்தில் நின்றவனிடம் அவள் திரும்பினாள்.

"நீங்களா?"

"கம்ப்யூட்டர் போட்டிருக்கு."

ஆட்டம் ஆரம்பித்தது.

"முன்னால போங்க. ஏங்க முன்னால போனீங்க? அது என்னோடது. இது உங்களோடது. விட்டுட்டீங்களா? மேல பாருங்க. மேகத்தை இல்லீங்க, ஷட்டிலை."

பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆட்டம் நின்றுவிட்டது. ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். இவனுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவை எப்படிச் சாத்த வேண்டும் என்று பதினொரு வருடமாக இதே குரல்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அவனைச் சுட்டது வேறொன்று. கண் டாக்டரிடம் அவள் இப்படிப் பேசியிருக்க மாட்டாள். அவருக்கென்று வேறொரு குரல் இருக்கும். தாழ்ந்த, மெதுவான, இவன் இதுவரை கேட்டிராத குரல். அது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டு நின்றதில் மேலும் நான்கு பாயிண்ட் போயின.

இருபத்தொன்றுக்கு மூன்று. அந்த மூன்றும் எதிராளிகள் சிரித்ததால் கிடைத்தவை.

செயலாளர் பலகைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். "ஒரு வாரத்துல நாப்பத்தேழாம் நம்பர்ல மூணு பேரு. தண்டவாளம் ஒண்ணுதான், வண்டி மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. என்ன சார் இது?"

"சின்னக் கோளாறு. பாத்துடறேன்."

வீடு வந்ததும் அவள் திண்டில் உட்கார்ந்து ஷூக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குன்னு நான் ஆசைப்பட்டது இந்த ஒண்ணுதாங்க. அந்தக் கோளாறைச் சரிபண்ணிக் குடுங்க. டாக்டரைத் திருப்பிக் கொண்டு வாங்க."

குரலில் கோபம் இல்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக. திட்டுகிற வரைக்கும் அவள் இந்த வீட்டில் இருக்கிறாள் என்று அவன் அதுவரை யோசித்ததில்லை. இப்போது எங்கேயோ தொலைவிலிருந்து பேசுகிறாள். டாக்டரைத் தராவிட்டால் கோப்பையோடு சேர்ந்து அவளும் போய்விடுவாள் என்று அவனுக்குப் பட்டது.

மத்தியானம் ஃபைலைத் திறந்தான். தன் பெயரைத் தானே அழித்தான். அதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை என்பது வருத்தமாக இருந்தது. நாற்பத்தேழாம் எண்ணில் கண் டாக்டரைத் திரும்ப எழுதினான். இனி ஜோடியில் இருக்கிற யாரையும் அழிக்க விடாதே என்று புரோகிராமில் சேர்த்தான். போன எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்காதே என்றும் சேர்த்தான். சோதித்துப் பார்க்க டாக்டரை மூன்று தடவை அழிக்கச் சொன்னான். மூன்று தடவையும் டேட்டாபேஸ் முடியாது என்றது. மூன்றாவது தடவை சோதனைக்காக இல்லை.

ஞாயிறு காலை ஐந்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. 'கிளம்பிவிட்டேன்.' அவனே அவளை எழுப்பினான். தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் அவனே எடுத்து வைத்தான்.

பார்வையாளர் இருக்கைகள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மாடியில் இருந்தன. அங்கே எந்தச் சத்தமும் எட்டாது. மீன்தொட்டியைப் பார்ப்பது போல அவன் ஆட்டத்தைப் பார்த்தான். அவள் உதடுகள் ஓயாமல் அசைந்தன. ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் டாக்டரின் காதருகே போய் ஏதோ சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் தலையாட்டினார். அவ்வளவு பேச இரண்டு பேருக்கிடையில் என்னதான் இருக்கும்? இவனுக்குக் கண்ணாடியில் தன் மூச்சே பனியாகப் படிந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

ஜெயித்துவிட்டார்கள். அவன் படியிறங்கி வருவதற்குள் அவள் ஓடி வந்தாள். அத்தனை பேர் எதிரில் கோப்பையை அவன் கைகளில் திணித்தாள்.

"பிடிங்க. கீழே போட்டுடாதீங்க. ரெண்டு கையால பிடிங்க. முகம் கழுவிட்டு வரேன்."

அந்தப் பழைய குரல். அவனுக்குள் ஏதோ இளகியது. இனி டாக்டர் ஆயிரம் துண்டு கொண்டுவரட்டும், கோப்பை யார் கையில் இருக்கிறது? தாராள மனதோடு நிமிர்ந்து பார்த்தான்.

கண் டாக்டர் அவனை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது மெலிந்துபோயிருந்தார். முகம் கழுவும் அறையின் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். வாழ்த்துச் சொல்ல இவன் கையை நீட்டினான். அவர் அதை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு விடவில்லை.

"சார், என் பேரு பலகையில இல்லாத அந்த மூணு நாளும் யார்கிட்டயும் திட்டு வாங்காம காலையில ஏழு மணி வரைக்கும் தூங்குனேன், டீச்சருக்குத் தெரியாம அந்தக் கோளாறை இன்னும் ஒரே ஒரு தடவை வரவைக்க முடியுமா?"