ரெண்டு தட்டினால் நிற்கணும்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால்கூட அது என்னை இழுத்துக்கொண்டு போய் வேலியில் விடும். அப்படிப்பட்ட நான் ஒரு லாரி டிரைவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? கொடுத்தேன். கம்பம் வாழைக்காய் மண்டியில் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். முதலில் சிரித்துவிட்டு அப்புறம் சொல்வார்கள்.

(எனக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருத்தி எழுதுகிறாள். எழுதுகிறதைவிடச் சிரிக்கிறதுதான் அதிகமாக இருக்கிறது.)

என் மகன் பாண்டிக்கு அப்போதுதான் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்திருந்தது. தொண்ணூற்றெட்டோ, தொண்ணூற்றொன்பதோ. எங்கள் வீட்டில் டி.வி. வாங்கிய வருஷம். இல்லை, அது அதற்கு முந்தின வருஷம். லைசென்ஸ் வந்த வருஷம் வாங்கியது மிக்ஸி. மிக்ஸி கதை வேறு, அதை விடுங்கள். கம்பத்தில் லாரி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், "பையன் வந்து ஓட்டிக் காமிக்கட்டும். பிடிச்சா கொச்சிக்குப் போற வண்டியத் தர்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதே சமயம் தேவாரத்தில் பாண்டிக்குப் பெண் பார்த்திருந்தோம். பெண்ணின் அப்பா வாழை விவசாயி. "மாப்பிள்ளைக்கு நிலையா ஒரு வேலை ஆகட்டும், பெறகு பேசுவம்" என்று சொல்லிவிட்டார். ஆக, வேலை, கல்யாணம் எல்லாமே அந்த ஓட்டிக் காமிக்கிற ஒன்றில்தான் தொங்கியது.

வீட்டில் லாரி இல்லை. அதனால் பாண்டி முக்காலியில் உட்கார்ந்து, சல்லடையை ஸ்டியரிங்காகப் பிடித்துப் பழகினான். வாயாலேயே கியர் போட்டான். காற்று, தண்ணீர், ஆயில் என்று ராவுத்தர் கேட்கப் போவதையெல்லாம் மனப்பாடம் செய்தான். நானும் சேர்ந்து மனப்பாடம் செய்தேன். டயருக்குத் தண்ணீர், இன்ஜினுக்குக் காற்று என்று நான் ஒப்பித்ததைக் கேட்டு அவனுக்கும் குழம்பிவிட்டது.

"யம்மா, நீ சும்மா இரு" என்றான். "அதெல்லாம் சும்மா பேச்சுக்குக் கேப்பாரு. ராவுத்தரு ரிவர்ஸத்தேன் பாப்பாராம். குமுளி மலையில எதுத்தாப்புல பஸ் வந்துட்டா நம்மதேன பின்னால எறங்கணும்?"

"பின்னால எப்படிலே பாத்து ஓட்டுவ? முதுகுலயா கண்ணு இருக்கு?"

"கண்ணாடியப் பாத்துத்தேன். ஆனா பின்னால வர்றப்ப எல்லாத்தையும் மாத்தி யோசிக்கணும். கிளீனரு பின்னால நின்னு லாரியத் தட்டுவாக. அந்தச் சத்தத்தக் கேட்டு வரணும், நிக்கணும்."

"எத்தன தட்டுனா வரணும்? எத்தன தட்டுனா நிக்கணும்?"

பாண்டி தலையைச் சொறிந்தான். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, பயம் வந்தால் அவரே பிரேக்கை மிதித்துவிடுவாராம். தட்டுகிற வேலையே அங்கே கிடையாதாம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (எப்போதாவதுதான் செய்யும். அன்றைக்குச் செய்திருக்க வேண்டாம்.) "ஏலே, பஸ்ஸுல கண்டக்டரு ஒரு விசில் அடிச்சா நிக்கிறாக, ரெண்டு விசில் அடிச்சா போறாக. அது முன்னால போற வண்டி. பின்னால வந்தா எல்லாத்தையும் மாத்தணும்னு நீதான சொன்ன? அப்ப ஒரு தட்டுனா வரணும், ரெண்டு தட்டுனா நிக்கணும். யோசிச்சுப் பாரு, வர்றதுக்கு என்ன அவசரம்? நிக்கிறதுக்குத்தேன் அவசரம். அவசரத்துக்கு ஒண்ணு பத்துமா?"

அவன் பத்தாவது வரை படித்தவன். அவனே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சரியாத்தேன் படுது" என்றான்.

அதன் பிறகு பயிற்சி மும்முரமானது. நான் பின்னால் நின்று அரிசி டின்னில் ஒரு தட்டு தட்டுவேன். அவன் முக்காலியோடு குதித்துக் குதித்துப் பின்னால் வருவான். ரெண்டு தட்டினால் ஆணி அடித்தது போல நிற்பான். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு சட்டி பானையில்கூட இடிக்காமல் வந்து சேர்ந்தான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஏண்டி, இவன் லாரிக்குப் போறானா, கரகாட்டத்துக்குப் போறானா?" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. வர வேண்டாம் என்று பாண்டி சொல்லியும் நான் திருநீறோடு கிளம்பிவிட்டேன். மண்டியில் ஒரே இரைச்சல். ஏலக்காரர்கள் ஒருவரை ஒருவர் அடிக்கப் போவது போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர், நடுவில் ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் வாழைத்தார்களை அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் திருநீற்றை எடுத்து இன்னொரு தரம் நெற்றியில் பூசிக்கொண்டேன். பெண்ணின் அப்பா! தார் இறக்க வந்தவர், "மாப்பிள்ள ஓட்டுறதப் பாத்துட்டே போறேன்" என்று நின்றுவிட்டார்.

ராவுத்தர் கையைக் காட்டினார். "வண்டிய ரிவர்ஸ்ல கொண்டாந்து அந்தத் தாருக்கு முன்னால நிப்பாட்டு, பாப்பம்."

பாண்டி ஏறினான். பின்னால் நின்ற கிளீனர், நரைத்த மீசைக்காரர், ரெண்டு தட்டு தட்டினார். லாரி அசையவில்லை. மறுபடியும் ரெண்டு தட்டினார். ஊஹூம்.

"ஏம்ப்பா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்றார் ராவுத்தர்.

"ஆயிருச்சுங்க. அவுக நிக்கச் சொல்றாக, அதேன் நிக்கிறேன்."

ராவுத்தர் கிளீனரைப் பார்த்தார். கிளீனர் ராவுத்தரைப் பார்த்தார். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். கிளீனருக்குக் கோபம் வந்து, ஓங்கி ஒரே ஒரு அறை விட்டார்.

லாரி கிளம்பியது பாருங்கள்! சந்துக்குள் நூல் பிடித்தது போல வந்தது. என் பிள்ளை, நான் பழக்கிய பிள்ளை என்று நெஞ்சு விம்மியது. தார் பக்கம் நெருங்கியதும் கிளீனர் நிறுத்தச் சொல்லி ஒரு தட்டு தட்டினார். லாரி இன்னும் உற்சாகமாக வந்தது. மறுபடியும் ஒரு தட்டு. இன்னும் வேகம். "நிப்பாட்டுடா!" என்று அவர் கத்தியது ஏலச் சத்தத்தில் கரைந்தே போனது.

"ரெண்டு தட்டுங்கய்யா, ரெண்டு!" என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? ஓடிப் போய் நானே ரெண்டு கையாலும் லாரியைத் தட்டினேன். பயத்தில் கை நிற்கவில்லை. தட தட தடவென்று அடித்துக்கொண்டே இருந்தேன்.

'சதக்' என்று ஒரு சத்தம். லாரி சம்பந்தி வீட்டு வாழைத்தார் மேல் ஏறி நின்றது.

பாண்டி இறங்கி வந்து என்னைத்தான் திட்டினான். "ரெண்டு தட்டுனா நிப்பேன்ல? நீ பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருந்தா? ஒத்தையில முடியுதா ரெட்டையில முடியுதான்னு எண்ணிக்கிட்டு வர்றேன், அதுக்குள்ள எண்ணிக்க தப்பிப்போச்சு!"

"எந்த ஊருலப்பா ரெண்டு தட்டுனா நிக்கிறது?" என்றார் ராவுத்தர்.

"பின்னால வந்தா எல்லாம் மாறும்னு எங்கம்மாதேன் சொல்லுச்சு."

ராவுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார். திரும்பி வந்தபோது கண்ணில் தண்ணீர். "சந்துல ரெண்டு பக்கமும் ஒரு கீறல் இல்ல. கை நல்ல கைதேன். காதத்தேன் ஆத்தா கெடுத்து வச்சிருக்கு. மொதல்ல கிளீனரா ஏறு. தட்டப் பழகு. பெறகு ஸ்டியரிங் தர்றேன். ஆனா ஒண்ணு, உங்கம்மா இனி மண்டிக்குள்ள கால் வைக்கக் கூடாது."

வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்றே எனக்குப் புரியவில்லை. பெண்ணின் அப்பா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனது மட்டும் நன்றாகப் புரிந்தது. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை, கண்டக்டர் ரெண்டு விசில் அடிக்கும்போதெல்லாம் பாண்டி என்னை ஒரு முறை முறைத்தான்.

தேவாரத்து வீட்டில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. "அந்தச் சம்பந்தமே வேணாம்" என்று அப்பா குதித்திருக்கிறார். பெண் கேட்டிருக்கிறாள்: "அவுகளுக்குச் சொல்லிக் குடுத்தபடிதான செஞ்சிருக்காக? தப்பாச் சொல்லிக் குடுத்ததுக்கு அவுக என்ன செய்வாக? சொன்னத அப்படியே கேக்குற ஆம்பள வேற எங்கனப்பா கெடைப்பாக?"

பாண்டி ஸ்டியரிங்கில் உட்கார்ந்த மாசமே பெண்ணின் அப்பா வெற்றிலை பாக்கோடு வந்தார். "சம்பந்தியம்மா, கல்யாணப் பந்தலுக்கு வாழமரம் நான் கொண்டாந்து கட்டிருறேன். மாப்பிள்ளைய மட்டும் நடந்து வரச் சொல்லுங்க."

நடந்துதான் வந்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பந்தியில் யாரும் "போதும்" என்று சொல்வதில்லை. இலைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் இன்னும் சோறு வேண்டும். ரெண்டு தட்டினால் நிறுத்தணும். சம்பந்தி மட்டும் சாப்பிட உட்காருமுன் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

இதோ, இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிற என் மருமகள் சாந்தி பேனாவால் ரெண்டு தட்டு தட்டுகிறாள். ஊர் வழக்கப்படி, மேலே போகலாம் என்கிறாளா? இல்லை, நம் வீட்டு வழக்கப்படி, போதும் நிறுத்து என்கிறாளா? கேட்டால் சிரிக்கிறாள்.

எதற்கும் நிறுத்திக்கொள்கிறேன். பின்னால் யாருடைய தார் இருக்கிறதோ.