சரிம்மா சொன்ன கம்ப்யூட்டர்

இளையபெருமாளுக்கு ரெண்டு பயம். ஒன்று, மனைவி அம்சம் பேசுவது. இன்னொன்று, அவள் பேசாமல் இருப்பது.

குடவாசலில் அவர் கம்ப்யூட்டர் வாத்தியார். உருப்படியான கம்ப்யூட்டர் மொழிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் உலகத்தில் யாருக்கும் வேண்டாத மொழிகளாகத் தேடித்தேடிப் படிப்பார். மனுஷனுக்கு அப்படி ஒரு கிறுக்கு! இப்போது பிடித்திருப்பது எழுத்தே இல்லாத மொழி. வெறும் இடைவெளியைத் தட்டித் தட்டியே புரோகிராம் எழுத வேண்டும். திரையில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

"என்னங்க எழுதியிருக்கீங்க?"

"புரோகிராம்."

"எங்க?"

"இதோ இருக்கே."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு."

இந்தக் கிறுக்குக்குக் குறுக்கே கிடந்தது ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர். அவர் அப்பா பண்ணைக் கூலியாக இருந்து, கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய் வாங்கிய நிலம். பயிர் வைப்பதெல்லாம் அம்சம். லீவு நாளில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, ஒரு வயல் நிறைந்ததும் அடுத்த மடையைத் திறந்துவிட வேண்டியது மட்டும்தான் ஐயா வேலை. அதற்கும் உடம்பு வணங்காமல், நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாகப் பக்கத்து வயல் சாமிதுரையிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பேசி முடிப்பதாக ஏற்பாடு.

"மாமா அடிபட்டு மிதிபட்டு வாங்குன மண்ணுங்க!"

"மண்ணு எங்க போவப்போவுது? அங்கயேதான் இருக்கும்."

அம்சம் அதோடு குத்தகைப் பேச்சையே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து இவருக்கு அந்த ரெண்டாவது பயம் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கொட்டகைக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்தார். நிம்மதியாகப் படிக்க விட்டால்தானே! வீட்டிலிருந்து அம்சத்தின் வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கும். மோட்டார பாருங்க. மடைய மாத்துங்க. தலையில துண்டப் போடுங்க. இதற்காகவே இடைவெளி மொழியில் ஒரு புரோகிராம் எழுதி, போனோடு கோத்து வைத்திருந்தார். அம்சம் என்ன அனுப்பினாலும் அதுவே "சரிம்மா" என்று பதில் போட்டுவிடும். கண்டுபிடித்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் கிறுக்கு விடுமா?

பாடத்தில் மூழ்கியவருக்குத் திடீரென்று தூக்கிவாரிப்போட்டது. ஐயய்யோ, நாத்தங்கால்! மடையை மாற்றவே இல்லை; தண்ணீர் நின்று நாற்று அழுகினால் இந்த வருஷச் சம்பாவே போச்சு. வெளியே ஓடினார்.

மடை ஒழுங்காக மாறியிருந்தது. வரப்பில் அம்சம். ஒரு கையில் மம்பட்டி, ஒரு கையில் போன்.

"நீ... நீ எப்ப வந்த?"

"மடைய மாத்துங்கன்னேன், சரிம்மான்னீங்க. வந்து பாத்தா நாத்து முங்கிக் கெடக்கு. மாத்திவுட்டுட்டு, கொட்டாய்க்குப் பின்னாலயே நின்னு இன்னும் கொஞ்சம் பேசினேன்."

போனை நீட்டினாள்.

'குத்தகைக்கு விட வேணாங்க.' 'சரிம்மா.'

'நிலத்த என் பேருக்கு மாத்திடலாமா?' 'சரிம்மா.'

'சாமிதுரை அண்ணங்கிட்ட நானே சொல்லிடவா?' 'சரிம்மா.'

இளையபெருமாள் கடைசி வரியை மறுபடி படித்தார். "சொல்லிட்டியா?"

"பக்கத்து வயல்லதான் நின்னாரு, இதக் காட்டுனேன். நீங்களே சொன்னப்புறம் பேச்சு என்னன்னுட்டாரு."

"அம்சம், சத்தியமா இது நான் சொல்லல!"

"அப்ப யாரு? அந்த லேப்டாப்பா? புருஷன் பேரச் சொல்லி அது பதில் பேசுதுன்னா சொல்லுங்க, இப்பவே வாய்க்கால்ல வுட்டுடறேன்."

கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தார். 'சரிம்மா'வை அழித்துவிடலாம். எந்த இடைவெளியில் இருக்கிறது அது? திரை பளிச்சென்று வெறுமையாக இருந்தது. எழுதின அவருக்கே தெரியவில்லை.

"நான்தான்," என்றார் ஈனஸ்வரத்தில். "நான்தாம்மா சொன்னேன்."

"அதானே பாத்தேன்."

அம்சம் மம்பட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனில் எதையோ தட்டினாள்: 'இனிமே லீவு நாளெல்லாம் மம்பட்டி உங்க கையிலதான்.'

அதெல்லாம் முடியாது என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள், அம்சத்தின் போனில் பதில் வந்துவிட்டது.