ஐம்பத்து மூன்று நிமிட மூக்கு

அன்றைக்கு அந்தக் கோயில் முற்றத்தில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து நான் கதை விடுவதாகச் சொல்லக்கூடாது. கல்யாணப் பொண்ணு புவனா, என் அக்காவின் மகள். மாப்பிள்ளை தினேஷ், வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறி ஓட்டுகிறவர். புவனாவின் அப்பா ஆறுமுகம், அதாவது என் மச்சான். என் மனைவி சாந்தி. பண்டாரவளையிலிருந்து வந்த ஐயர். மேளமும் நாதஸ்வரமுமாக மூன்று பேர். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், ஆட்கள் அத்தனை பேரும். நான். என் கையில் பத்தடி மூங்கில் கம்பு. கம்பின் உச்சியில் என் போன்.

இல்லாதவர் ஒரே ஒருவர்தான். பொண்ணைப் பெற்ற என் அக்கா ராஜேஸ்வரி. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலையில் இருந்தாள். அவளுக்குக் காட்டத்தான் அந்தக் கம்பு.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பதுளை டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் இருபது வருசமாக மூட்டை பிரிக்கிறேன். பயம் எனக்கு உடம்போடு பிறந்தது. கடையைப் பூட்டிவிட்டு நடந்தால், பூட்டினோமா என்று பயம். திரும்பிப் போய்ப் பார்த்துப் பூட்டியிருந்தால், உள்ளே யாரையாவது வைத்துப் பூட்டிவிட்டோமா என்று பயம். இப்படிப்பட்ட ஒரு மனுசன் வீடியோ சேனல் நடத்தலாமா? நடத்தினேன். மூன்று வருசம் நடத்தினேன். (பேரச் சொல்ல மாட்டேன். தேடிப் பாப்பீங்க.)

மடுல்சீமைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு வாரக் கடைசியில் வந்து எதையாவது பிடிப்பேன். கொழுந்து நிறுக்கிறது, லயத்துத் தகரத்தில் மழை பெய்கிறது, பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. முதல் வீடியோவுக்கு வந்த முதல் கொமெண்ட், "அண்ணன் பேசுறது ஒண்ணும் வெளங்கல." மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். லைவ் போடும்போது கொமெண்ட் ஓடுகிற இடத்தின் மேல், பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிடுவேன். உலகமே திட்டினாலும் எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் பேசுவேன். இதை நான் அந்தக் காலத்தில் பெரிய மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எனக்கு நேர்மாறு. அவள் கொழுந்து எடுத்த காலத்தில் அவளை அடிக்க அந்த மலையில் ஆள் கிடையாது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள், அரைச் சம்பளம்தான். அக்காவுக்கு ஒருநாளும் அரைப் பேர் விழுந்ததில்லை. பக்கத்து நிரையில் காய்ச்சலோடு எடுக்கிறவளின் கூடையில் ரெண்டு பிடி போட்டுவிட்டும் இவளுக்கு முழுப் பேர். புவனா ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது குவைத்துக்குப் போனாள். பதினொரு வருசத்தில் ரெண்டே தடவைதான் வந்தாள். புவனா படித்தது, வீட்டுக்குத் தரை போட்டது, மச்சானின் கால் ஒப்பரேசன், நான் கல்யாணம் கட்டியது, எல்லாம் அவள் அனுப்பியதுதான்.

மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வேறொருத்தி என்றால் அழுதுகொண்டு இருந்திருப்பாள். அக்கா மூன்று நாள் துணியை முன்கூட்டியே இஸ்திரி போட்டு முடித்துவிட்டு, மேடத்திடம் போய் நின்று, கல்யாணத்தன்று காலையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினாள். வாங்கியதும் எனக்குப் போனில் கோல்.

"டேய் கணேசு, சேனல்ல லைவ் போடுவியே, அதப் போடு. போட்டோ கீட்டோவெல்லாம் பெறகு வேணாம். தாலி ஏறுற அந்த நேரத்துல எம் புள்ளயப் பாக்கணும்."

"கோயில்கிட்ட சிக்னல் இல்லியேக்கா."

"கம்பு இருக்குல்ல?"

கம்பு இருந்தது. எங்கள் கோயில் முற்றத்தில் தரையில் சிக்னல் வராது. ஒன்பது பத்து அடிக்கு மேலேதான் ரெண்டு கோடு வரும். அதனால் எங்கள் ஆட்கள் செய்தியைத் தட்டி, அனுப்பு என்று அழுத்தி, போனைக் கம்பில் கட்டி உயர்த்திப் பிடிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து இறக்கினால் செய்தி போயிருக்கும், பதிலும் வந்திருக்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி, மேலே பார்த்து.

கல்யாணத்தன்று தூறல். போனைச் சீனி கட்டுகிற பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டேன். வழக்கம்போலப் பத்திரிகைத் துண்டை ஒட்டினேன். லைவ் தொடங்கச் சிக்னல் வேண்டுமே, அதற்காகக் கோயில் மதில் மேல் ஏறி, கையை உயர்த்தி, என் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டு, "வணக்கம் உறவுகளே, அக்கா வணக்கம்" என்று தொடங்கினேன். பாசி பிடித்த மதில். கால் வழுக்கியது. கீழே விழுந்து செத்தால் கல்யாணம் நின்றுவிடுமே என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் பதறி இறங்கி, லைவ் கட்டாவதற்குள் போனைக் கம்பில் ரப்பர் பட்டி போட்டுக் கட்டி, மணவறைக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன்.

செய்யவேண்டிய ஒரு காரியத்தைத் தவிர எல்லாம் செய்தேன். கேமராவைத் திருப்பவில்லை.

மணவறையைப் பார்க்கவேண்டிய பின்பக்கத்துக் கண் மூடிக் கிடக்க, முன்பக்கத்துக் கண் கீழே நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்தடி உயரத்தில், வேர்த்துப்போன பொலித்தீனுக்குள், பாதி மறைத்த திரையில் என்ன ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சிக்னல் போய்விடுமோ என்று நான் அண்ணாந்தபடியே நின்றேன். சிமெண்டுத் தரை, கம்பை நட்டு வைக்கவும் முடியாது. சாந்தி வந்து, "என்னாங்க, கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன், நீங்க போய் ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க" என்றாள். "ஒனக்கு கை நடுங்கும்" என்றேன். (நடுங்கிக்கிட்டு இருந்தது என் கை.)

அப்போது ஐயர் குரல் கொடுத்தார். "தாய்மாமன் வாங்கோ! பொண்ணுக்கு மாலை போட்டுக் கூட்டிண்டு வாங்கோ!"

தாய்மாமன் நான்தான். மாமன் மாலை போட்டுக் கைபிடித்துக் கூட்டிப் போகாமல் எங்கள் பொண்ணுகள் மணவறை ஏறுவதில்லை.

மச்சான் ஓடி வந்தார். "மாப்புள, கம்ப யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு வா."

"சிக்னல் போயிரும் மச்சான். அக்கா பாத்துக்கிட்டு இருக்கு."

"நல்ல நேரம் போகுதுப்பா!"

"நான் அசைஞ்சா லைவ் கட்டாயிரும். நீங்களே போடுங்க."

"நான் அப்பன்டா! நான் எப்புடி மாமன் மாலை போடுறது?"

வெலிமடைப் பஸ்ஸில் வந்த ஒரு பெரியம்மா சத்தமாகக் கேட்டார். "பொண்ணோட மாமனுக்கு என்னா, கம்புல ஒட்டிக்கிச்சா?" ஒரு பஸ் ஆட்களும் சிரித்தார்கள். நான் கம்பை விடவில்லை. என் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே வீரம் அதுதான், அதுவும் தப்பான பக்கம் பார்த்த கேமராவுக்கு.

கடைசியில் புவனாவே முடிவு செய்தாள். கூரைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாலையும் கையுமாக ஈர முற்றத்தைக் கடந்து நேரே என்னிடம் வந்தாள். தாயைப் போல.

"மாமா வரலேன்னா என்னா, நான் வாரேன். போடுங்க."

ஒரு கையில் கம்பு, ஒரு கையில் மாலை. மாலை அவள் ஜடையில் மாட்டிக்கொண்டது. அவள் குனிந்து, நிமிர்ந்து, தானே அதைச் சரி பண்ணிக்கொண்டாள். பிறகு கம்பின் உச்சியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "அம்மா! பாரு இவர, கம்ப விடமாட்டேங்குறாரு!"

சிரித்துவிட்டுத் தானே நடந்து போய் மணவறை ஏறினாள். கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. நான் அதைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்சதை அரிசியில் நாலைந்து என் திறந்த வாய்க்குள் விழுந்தது. கண்ணில் தண்ணீர் ஓடியது. துடைக்கக் கை இல்லை.

எல்லாம் முடிந்து கம்பை இறக்கியபோது எனக்குத் தோளே இல்லை. ஆனால் மனசு நிறைந்திருந்தது. சாந்தியும் மச்சானும் பக்கத்தில் வந்து நின்றார்கள். பொலித்தீனைக் கழற்றினேன். திரையில் ஒரு மூக்கு தெரிந்தது. கொஞ்சம் விலக்கிப் பிடித்தேன். மூக்குக்குச் சொந்தக்காரனும் தெரிந்தான்.

சாந்திதான் பத்திரிகைத் துண்டைப் பிய்த்தாள். அதற்குக் கீழே அக்காவின் கொமெண்டுகள் வரிசையாக நின்றன. சாந்தி ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"வந்துட்டேன்."

"தம்பி, ஒன் மூஞ்சிதான் தெரியுது. திருப்பு."

"திருப்புடா."

"ஐயர் மந்திரம் கேக்குது. திருப்புடா எரும."

"அட்டைய ஒட்டிட்டியா? பயந்தாங்கொள்ளி."

"கோல் எடுக்கலாம்னு பாத்தேன். எடுத்தா இதுவும் கட்டாயிரும். எடுக்க மாட்டேன்."

"வாய மூடு. ஈ போகும்."

"மேல் கடவாப்பல் ரெண்டு சொத்தை."

பிறகு:

"புவனா"

"புவனா"

"எந் தங்கம்"

"பாத்துட்டேன்."

சாந்தி அங்கே போனை மச்சானிடம் நீட்டினாள். மிச்சத்தை மச்சான் வாசித்தார்.

"மேளம் கேக்குது. தாலி ஏறிருச்சா?"

"நீ அழுவுற. ஏறிருச்சு."

"மேடம் கூப்புடுறா. வாரேன்."

புவனா மாலை போட என் பக்கம் வந்தாளே, அப்போதுதான் அவள் அந்தத் தப்பான கண்ணுக்குள் விழுந்திருக்கிறாள். பிறகு ஓடவிட்டுப் பார்த்தோம். ஐம்பத்து மூன்று நிமிட வீடியோவில் பதினொரு வினாடி. மீதி முழுக்க நான்.

மச்சான் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாப்புட வா" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாம்பாரில் கைவைத்தபடியே முடிவு செய்தேன்: இனிமேல் சேனல் கிடையாது. மூன்று வருசம் ஊருக்கெல்லாம் பஸ்ஸையும் மழையையும் காட்டினவன், சொந்த அக்காவுக்குப் பிள்ளையைக் காட்டத் தெரியாதவன் எதற்கு இதைக் கட்டி அழவேண்டும்? பயத்தில் ஒட்டிய அந்தத் துண்டு இல்லாவிட்டால் ரெண்டாவது நிமிடத்தில், கம்பில் கட்டும்போதே அவள் சொல்வது கண்ணில் பட்டுத் திருப்பியிருப்பேனே. அக்காவை வாய் பேசவிடாமல் அடைத்தது நான்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு. நான் பதுளையில் கடைக்குப் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து, பேசவேண்டியதை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு கோல் எடுத்தேன்.

"அக்கா, நான் சேனல மூடப் போறேன்."

"மூடு."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுதியதில் அதற்குப் பதில் இல்லை.

"வருத்தமா இல்லியாக்கா?"

"எதுக்கு? ஒன் வீடியோவ முழுசாப் பாக்குறது நான் ஒருத்திதான். பஸ்ஸு பள்ளத்துல எறங்குறத எத்தன தடவ பாக்குறது? வாரா வாரம் தூங்காம கெடக்குறியாமே, சாந்தி சொன்னா. மூடிட்டு தூங்கு."

"அன்னிக்கு நான்..."

"அன்னிக்கு என்னா? ஒரு மணி நேரமா கம்ப எறக்காம நின்ன. ஒருத்தனுக்கும் குடுக்கல. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே, வேற என்னத்தப் பாத்தேன்?" என்றாள். "அவ வந்து நின்னாள்ல, அந்த எடத்த போட்டோவா எடுத்து வச்சிருக்கேன். போனத் தொறந்தா அதான். எல்லாத்தையும் அழிச்சிரு தம்பி. அந்த ஒண்ண மட்டும் விட்டுரு."

பிறகு, "பல்ல டொக்டர்கிட்ட காட்டுனியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

எனக்கு நாற்பது வயசாகிறது. பெரிய பெரிய ஆட்கள் பேசுவதை எல்லாம் போனில் கேட்டிருக்கிறேன். ஆனால் வாங்கிய ஒரு மணி நேரமும் கண் முன்னால் வீணாகப் போய்க்கொண்டிருக்கும்போது, எடுத்தால் இதுவும் போய்விடும் என்று கணக்குப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தம்பியின் மூக்கைப் பார்த்தபடி காத்திருந்த ஒருத்தியைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கென்றால் ரெண்டாவது நிமிடத்திலேயே நெஞ்சு அடைத்திருக்கும்.

சேனலை நிறுத்தினேன். பஸ், மழை, கொழுந்து எல்லாவற்றையும் அழித்தேன். பல்லைப் பிடுங்கினேன். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினாலும், மாப்பிள்ளை தினேஷ் எங்கிருந்தாலும் ஓடி வந்து, "மாமா, திருப்பியாச்சான்னு பாத்துக்கங்க" என்பார். புவனாவின் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று ஐயரும் அதையே சொன்னார். தூளியில் போடுவதைப் பிடிக்க என் கையில் போனைக் கொடுத்துவிட்டு, லென்ஸ் எந்தப் பக்கம் என்று மூன்று பேர் வந்து விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரு வீடியோ மட்டும் இன்னும் இருக்கிறது. அக்கா வெள்ளிக்கிழமைதோறும் இஸ்திரி போடுகிற அறையில் அதை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுகிறாளாம், நடுவில் வருகிற விளம்பரங்களைக்கூடத் தள்ளாமல். அப்படி ஓடினால், மூன்று வருசத்தில் சேர்ந்த சில்லறையோடு என் கணக்கில் சதம் சதமாக ஏறும். நூறு டொலர் ஆனால்தான் கம்பெனி கையில் கொடுக்கும். அதற்குள் கணக்கை மூடிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். கொடுத்தால் அது அக்காவின் பணம். இன்று காலையிலும் பார்த்தேன். இதுவரை சேர்ந்து, கம்பெனி இன்னும் தரவேண்டியது எழுபத்து மூன்று டொலர் நாற்பது சதம்.