துரையின் சம்மதக் கடிதம்

அடிமை மனப்பான்மை அகற்றும் வாரியம் என்று ஒன்று உண்டு. துரைமார் நம் நெஞ்சில் விட்டுச்சென்ற கறையைக் கதையாலும் சினிமாவாலும் கழுவித் துடைப்பது அதன் மேலான நோக்கம். அதன் அனுமதி இல்லாமல் துரைமார் காலத்துப் படம் எதையும் திரையிட முடியாது.

படமெடுத்தவள் ஒருத்தி நாலு மாதமாக அங்கே செருப்புத் தேய நடந்தாள். துரையின் குதிரையைத் தன் வயலில் மேயவிடாமல் மறித்துச் சவுக்கடி பட்ட கொள்ளுத்தாத்தாவின் கதை அது. அவளுடைய அப்பாவுக்கோ பார்வை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. கண் முழுசாக அவிவதற்குள் தன் தாத்தாவைத் திரையில் ஒரு தரம் பார்த்துவிடத் துடித்தார் மனுஷன்.

கண்காணிப்பாளர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர்.

"படம் பிரமாதம்மா. எனக்கு ரத்தமே கொதிச்சுது. ஆனா பாருங்க, ஒரு துரையைப் பத்திப் படமெடுத்தா அந்தத் துரையோட சம்மதக் கடிதம் வேணும். விதி பன்னிரண்டு."

"யார் சார் போட்ட விதி?"

"துரைமார்தான்."

"அவங்கதான் எப்பவோ போயிட்டாங்களே?"

"அவங்க போனாங்க. விதி போகலையே."

"அந்தத் துரை செத்தும் போயிட்டார் சார்."

"அப்ப வாரிசு கையெழுத்துப் போடட்டும். நாங்க என்ன ஈவிரக்கம் இல்லாதவங்களா?"

எல்லாம் தலையெழுத்து என்று கடல் கடந்து எழுதிப் போட்டாள். துரையின் கொள்ளுப்பேரன் ஒரே வாரத்தில் பதில் போட்டான். 'வெட்கப்படுகிறேன். தாராளமாகத் திரையிடுங்கள். நானும் வருகிறேன்.' கண்காணிப்பாளர் அந்தக் கடிதத்தை எழுந்து நின்று வாங்கினார். நாலு மாதம் நகராத கோப்பு பத்து நிமிஷத்தில் நகர்ந்தது.

திரையிடும் நாளன்று முதல் வரிசை நடுவில் துரையின் கொள்ளுப்பேரனுக்குச் சோபா போட்டார்கள். அப்பாவுக்கு இரண்டாம் வரிசை.

திரையில் முதல் சவுக்கடி விழுந்ததும் கொள்ளுப்பேரன் விம்மி விம்மி அழுதுவிட்டான். அவ்வளவுதான், அரங்கமே பதறிக்கொண்டு எழுந்தது. கண்காணிப்பாளர் அழைப்பிதழால் விசிறினார். குமாஸ்தா முதுகைத் தடவிக்கொடுத்தார். "ஐயோ பாவம், எவ்வளவு இளகின மனசு!" என்று, அடிபட்டவனின் ஊர்க்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோபாவைச் சூழ்ந்தார்கள்.

அப்பா கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேம்மா. அவங்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லேன்."

அவள் கையில் சோடாவோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருங்கப்பா. அவரே மனசு நொந்துபோய் இருக்கார், நீங்க வேற."

அப்பா எக்கிய கழுத்தை இறக்கிக்கொண்டார். சவுக்குச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. படம் முடிகிறவரை, மீதியிருந்த பார்வையால் அவர் ஊர்க்காரர்களின் முதுகுகளைப் பார்த்தார்.