குதிரை அன்ரி கீறிய படம்

முன்கூட்டிச் சொல்லாமல் அடுத்த வீட்டு மணியை அடிக்கும் துணிச்சல் ஒஸ்லோ முழுவதிலும் ஒரேயொருவருக்குத்தான் இருந்தது. எல்லிங்ஸ்ருட் என்ற புறநகர்ப் பகுதியில், எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியாக இருந்த ஜெர்மன்காரி அவர். பென்சிலால் குதிரை முகங்களை மட்டும் கீறுவது அவர் தொழில். கதவில் ஒட்டியிருந்த அவருடைய பெயரை முழுதாக உச்சரித்த தமிழர் எவருமில்லை. எங்களுக்கு அவர் குதிரை அன்ரி.

நான் மூன்றாம் மாடி. மணவிலக்கு முடிந்து மனைவியும் மகள் ஷரோனும் திராமன் நகருக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு, வெள்ளி பின்னேரம் வேலையால் வந்தால் திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்டதில்லை. அப்படியொரு சனிக்கிழமைதான் முதன்முதலாக மணி அடித்தது. திறந்தால், கையில் குதிரைப் படத்துடன் அன்ரி.

"இது நிம்மதியா நிக்குதோ, பசியோட நிக்குதோ?" நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில், எனக்கு அது இப்படித்தான் கேட்டது.

"பசியோட," என்றேன்.

"அப்ப நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை."

போனவர் கால் மணித்தியாலத்தில் ஒரு சட்டி உருளைக்கிழங்கு சலாட்டுடன் திரும்பி வந்தார். குதிரை நல்ல நிம்மதியாகத்தான் நிற்கிறதாம்.

மனிதரையும் அவர் குதிரையாகவே பார்த்தார். வசந்தத்தில் கட்டடத்தார் எல்லோரும் கூடி முற்றத்தைத் துப்புரவாக்கும் நாள் ஒன்று உண்டு. அன்று குடியிருப்புச் சங்கத் தலைவர் சருகு வாருவதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "உங்களுக்கு இடது பின்னங்காலில நோவு இருக்கு," என்றார் அன்ரி, எல்லோருக்கும் கேட்கும்படி. தலைவர் சிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து ஊன்றுகோலுடன் வந்தார். அதன் பிறகு அன்ரியைக் கண்டால் கட்டடமே நிமிர்ந்து நடந்தது.

ஷரோனின் பதினாலாவது பிறந்தநாள் நெருங்கியது. திராமனில் ஒரு குதிரைத் தொழுவத்தில் அவள் சவாரி பழகுகிறாள் என்பது எனக்குத் தெரியும், போய்ப் பார்த்ததில்லை. அவள் அனுப்பிய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறி, "இந்தக் குதிரையைக் கீறித் தருவீங்களோ?" என்று கேட்டேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது ஆரைப் பாக்குது?"

"படம் எடுத்த ஆளை."

"அது ஆர்?"

அது என் மனைவியாக இருந்தவரின் இப்போதைய கணவர். "தெரியாது," என்றேன்.

கண்ணாடிக்கு மேலால் என்னையே பார்த்தார். "தெரியாத ஆளைப் பாக்கிற குதிரையை நான் கீறமாட்டன். நேரில போவம்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் திராமனுக்கு ரயில் ஏறினோம். மடக்குக் கதிரையை அவர் என் கையில் தந்தார். வழி முழுவதும், எதிரே வந்து அமர்ந்தவர்களின் நாசித்துவாரங்களைப் பற்றி எனக்கு மெல்லிய குரலில் விளக்கம் சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஷரோனுடன் என்ன கதைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொழுவத்தில் அன்ரி கதிரையை விரித்து உட்கார்ந்தார். பென்சிலை எடுக்கவேயில்லை. பிளாக்கன் என்ற அந்த மஞ்சள் குதிரையை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தார். குளிரில் என் காது விறைத்தது. எனக்கும் எங்களுக்காகக் காத்து நின்ற ஷரோனுக்கும் கதைப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

"ஸ்கூல் எப்பிடி?"

"பறவாயில்லை."

அதோடு கதை முடிந்தது. அவள் ஒரு கரட்டை என் கையில் வைத்தாள். "குடுங்கோ அப்பா. உள்ளங்கையை விரிச்சுப் பிடியுங்கோ."

பிளாக்கன் கழுத்தை நீட்டியதும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். ஷரோன் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று நான் எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ. அவனுக்கும் உங்களைப் பாக்கப் புதுசாத்தான் இருக்கு," என்றாள்.

இரண்டு கிழமையில் படம் வந்தது. காதுகளை முன்னால் குவித்து, கழுத்தை நீட்டி, கொஞ்சம் சந்தேகத்தோடு பிளாக்கன் யாரையோ பார்த்தான்.

"இது ஆரைப் பாக்குது?" என்று இந்தமுறை நான் கேட்டேன்.

"உங்களைத்தான். கரட்டைக் குடுக்காமல் கொண்டு பின்னால போனீங்களே."

ஷரோன் அதைத் தன் கட்டிலுக்கு மேலே சுவரில் கொழுவினாள். இரண்டு கிழமைக்கொருமுறை நான் தொழுவத்துக்குப் போகத் தொடங்கினேன். பிளாக்கனுக்கு இப்போது என் ஜக்கெட்டின் எந்தப் பொக்கற்றில் கரட் இருக்கும் என்பதும் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் அன்ரி ஜெர்மனிக்குத் தன் தங்கையிடம் போய்விட்டார். சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். கையைக் குலுக்கிவிட்டு ஏறினார். மேல்மாடியில் இப்போது ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். நல்ல பண்பானவர்கள். படியில் கண்டால் தலையை மட்டும் அசைப்பார்கள்.

கிறிஸ்மசுக்கு அன்ரியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. முழுவதும் ஜெர்மனில். எனக்கு அது தெரியாது என்பது அவருடைய கவலையில்லை. பள்ளியில் ஜெர்மன் படிக்கும் ஷரோன், வார இறுதிக்கு என்னிடம் வந்தபோது வாசித்துச் சொன்னாள். அங்கே மழையாம். குதிரைகளெல்லாம் கொழுத்துவிட்டனவாம். தங்கை ஓயாமல் கதைக்கிறாவாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு தரம் எழுதினேன். நான்கிலும் ஒஸ்லோவில் எத்தனை பாகை குளிர், பனி எவ்வளவு என்பதுதான் இருந்தது.

ஷரோன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவ இல்லாமல் உங்களுக்குத் தேடுதெண்டு எழுதுங்கோவன்."

நோர்வேஜிய மொழியில் அதற்கு மூன்றே சொல். எழுதினேன்.